பூட்டும் மூட்டும்: கைனேஸ் தடுப்பு மாத்திரைகள் பற்றி ஒரு கடைக்காரனின் விளக்கம்

கடந்த பொங்கல் விழாவில் நம் சங்க மண்டபத்து வாசலில் என் மனைவி பதினைந்து புள்ளிக் கோலம் ஒன்று போட்டாள். பார்த்தவர்களுக்கு அது ஒரு கோலம், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. முடக்குவாதம் வந்த நாளிலிருந்து பதினான்கு வருஷமாகக் கோலமாவை இரண்டு விரலால் எடுக்க முடியாமல் இருந்தவள் அவள். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கை மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கித்தான் குடிப்பாள். அன்றைக்குக் கோலத்தைப் பார்த்துவிட்டு மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து, "நயினார் ஐயா, அக்கா சாப்பிடுற மாத்திரை பேரை ஒரு சீட்டில எழுதித் தாங்களேன்" என்று கேட்டார்கள். நான் எழுதித் தரவில்லை. 'ஒரு மாத்திரை பேரைச் சொல்லக்கூட இந்த மனுஷனுக்கு மனசு வரலையே' என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். ஏன் தரவில்லை என்பதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளமான பதில், பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு நாக்பூர் வந்தவன். இத்வாரியில் பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கிற கடை. வீட்டில் நோய் வந்தபோது அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று படிக்க ஆரம்பித்தேன். மருத்துவக் கட்டுரைகளை மகன் எடுத்துத் தருவான், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன். புரியாததை டாக்டரிடம் கேட்பேன். அவரும் முகம் சுளிக்காமல் சொல்லுவார். கடைசியில் பார்த்தால் விஷயம் என் தொழில் பக்கமே வந்து நின்றது. இந்த மாத்திரைகளின் கதை முழுக்க முழுக்கப் பூட்டு சாவிக் கதைதான்.

உள்ளே எரிகிற நெருப்பு

காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறதே, அதற்கு நம் மொழியில் அழற்சி என்று பேர். அழல் என்றால் நெருப்பு. ஆங்கிலத்தில் சொல்லும் இன்ஃப்ளமேஷனுக்குள்ளும் ஃப்ளேம் என்ற தீ ஒளிந்திருக்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். இந்த நெருப்பு கெட்டது அல்ல. கிருமி உள்ளே வந்தால் அதை எரிக்க உடம்பு மூட்டுகிற அடுப்பு அது. வேலை முடிந்ததும் அணைந்துவிட வேண்டும். அணையாமல், கிருமியே இல்லாத இடத்தில், சொந்த உடம்பையே எரிக்க ஆரம்பித்தால் அதைத் தன்னுடல் தாக்கு நோய் என்கிறோம். மூட்டுச் சவ்வை எரித்தால் முடக்குவாதம். தோலை எரித்தால் சொரியாசிஸ். பெருங்குடலை எரித்தால் ரத்தமும் சீதமுமாகப் போகிற குடல் அழற்சி. மயிர்க்காலைத் தாக்கினால் தலையில் காசு வட்டத்துக்கு முடி கொட்டுகிறது. நம் ஊரில் அதைப் புழுவெட்டு என்பார்கள், அங்கே புழுவும் கிடையாது வெட்டும் கிடையாது. தோலின் நிறம் தருகிற செல்லைத் தாக்கினால் வெண்புள்ளி. இதற்கும் தொழுநோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இதனால் எத்தனை பெண்களுக்குக் கல்யாணம் நின்று போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இந்தப் பட்டியலில் முழங்கால் தேய்மானம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வயசானால் எலும்பின் நுனியில் இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்து வருகிற வலி அது. இந்தக் கட்டுரையில் வரும் மாத்திரைகள் அதற்கானவை அல்ல.

பழைய மருந்துகளும் சென்னையில் படித்த ஒருவரும்

ஸ்டீராய்டு எல்லாருக்கும் தெரியும். நெருப்பை உடனே அணைக்கும். கூடவே சர்க்கரை ஏறும், எலும்பு கரையும், முகம் உப்பும். அடுத்தது மீதோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க முதலில் எழுதப்படுகிற மருந்து இதுதான். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினம் சாப்பிடுவது என்று தப்பாக நினைத்துக்கொண்டு சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால் காலண்டரில் அந்தக் கிழமையைச் சிவப்பு மசியால் வட்டம் போட்டு வையுங்கள்.

இந்த மீதோட்ரெக்ஸேட் பிறந்தது அமெரிக்காவில் லெடர்லே என்ற கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில், 1940களில். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மெடிக்கல் காலேஜில் படித்து, 1923இல் ஹார்வர்டுக்குப் போனவர். அவர் பேரை இங்கே எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1929இல் அவர் கண்டு சொன்ன பொருள்களில் ஒன்று ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே வருஷம் கண்டுபிடித்தார். நம் ஒவ்வொரு செல்லும் செலவுக்கு வைத்திருக்கிற சில்லறைக் காசு என்று ஏ.டி.பி.யைச் சொல்லலாம். இந்தச் சில்லறை சீக்கிரமே கதைக்குள் வரப்போகிறது.

மூன்றாவது வகை ஊசி. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் 1992இல் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைப் பிடித்துக் கட்டுகிற ஊசியை முடக்குவாத நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். அதிலிருந்து இந்த வைத்தியமே மாறிப்போனது. ஆனால் இந்த ஊசி மருந்துகள் உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கிற பெரிய புரதங்கள். வயிற்றுக்குள் போனால் சோறு மாதிரி செரித்துவிடும், அதனால் மாத்திரையாகத் தர முடியாது. குளிரில் வைக்க வேண்டும், விலையும் அதிகம். என் மனைவிக்கு இரண்டு வருஷம் நன்றாக வேலை செய்த ஊசி பிறகு கேட்காமல் போய்விட்டது. அப்படியும் சிலருக்கு ஆகும் என்றார் டாக்டர். அதற்கு அப்புறம்தான் கைனேஸ் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

கைனேஸ் என்றால் என்ன

அசைப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது கைனேஸ். சினிமா என்ற சொல்லும் அதே வேர்தான். செல்லுக்குள் இருக்கிற ஒரு புரதம் வேலை செய்ய வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிற ஒரு தந்திரம் இருக்கிறது. ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட் என்ற சிறு துணுக்கைக் கழற்றி அந்தப் புரதத்தின் மேல் ஒட்டினால் அது விழித்துக்கொள்ளும், சில சமயம் தூங்கிவிடும். ஒட்டுகிற வேலையைச் செய்யும் நொதிக்குத்தான் கைனேஸ் என்று பேர். பிய்த்து எடுக்க வேறு நொதி இருக்கிறது. இந்த ஒட்டல் பிய்த்தல் விவகாரத்தை அமெரிக்காவின் சியாட்டிலில் 1950களில் கண்டுபிடித்த எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்த பிறகு 2002இல் எண்ணிப் பார்த்தார்கள். இப்படி ஒட்டுகிற கைனேஸ்கள் நம்மிடம் 518 இருக்கின்றன.

ஒரு கைனேஸ் அளவுக்கு மீறி வேலை செய்து நோய் வருகிறது என்றால் வைத்தியம் எளிது போலத் தோன்றும். ஏ.டி.பி. வந்து உட்காருகிற பள்ளத்தில் ஏ.டி.பி. மாதிரியே இருக்கிற ஒரு சின்ன மருந்தை முன்கூட்டியே உட்கார வைத்துவிட்டால் போதும். சில்லறை இல்லை, வியாபாரம் இல்லை. சிறிய மூலக்கூறு என்பதால் மாத்திரையாகவும் விழுங்கலாம்.

சிக்கல் எங்கே என்று பூட்டுக் கடைக்காரனுக்குச் சட்டென்று புரியும். மலிவுப் பூட்டு ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது. ஒரு பூட்டின் சாவி அதே பெட்டியில் இன்னும் நாலு பூட்டைத் திறக்கும். திண்டுக்கல் பூட்டோ அலிகாரில் நல்ல பட்டறையில் செய்த பூட்டோ அப்படித் திறக்காது, உள்ளே லிவர் ஒவ்வொன்றும் வேறு உயரத்தில் இருக்கும். நம் உடம்பின் 518 கைனேஸ்களும் ஏறக்குறைய மலிவுப் பூட்டு ரகம். எல்லாவற்றிலும் வந்து உட்காருவது அதே ஏ.டி.பி. என்பதால் பள்ளமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்றுக்கென்று செய்த மருந்து பத்தில் போய் உட்காரும். எண்பதுகளில் பல விஞ்ஞானிகள் இது ஆகிற காரியம் இல்லை என்று கைவிட்டதும் இதனால்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஆராய்ச்சிக் கூடத்துச் சோதனைக் குழாயில் ஏ.டி.பி. கொஞ்சமாகத்தான் போடுவார்கள். அங்கே மருந்து ஜெயித்துவிடும். உயிருள்ள செல்லுக்குள் ஏ.டி.பி. கொட்டிக் கிடக்கிறது. அங்கே அந்தப் பள்ளத்துக்குப் பெரிய தள்ளுமுள்ளு. குழாயில் ஜெயித்த மருந்து செல்லில் தோற்றுப்போகும்.

முதலில் உடைந்த பூட்டு புற்றுநோய்ப் பக்கம். ஒரு வகை ரத்தப் புற்றுக்கு 2001இல் வந்த இமாடினிப். சென்னைப் புற்றுநோய் நோயாளிகளுக்கும் பரிச்சயமான மருந்துதான். அதன் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி தீர்ப்புச் சொன்னதும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். இமாடினிப் குறிவைத்த கைனேஸோடு வேறு சிலவற்றையும் அடைக்கிறது. அதில் ஒன்றை அடைத்ததால் வயிற்றுப் பக்கம் வருகிற இன்னொரு அபூர்வக் கட்டியும் கரைந்தது. தவறான பூட்டைத் திறந்ததே லாபமாகப் போன கதை.

முடக்குவாதத்தில் அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்கக் கூடாது. உயிர் போகிற நோய் என்றால் வாந்தி, ரத்தக் குறைவு எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளலாம். மூட்டு வலிக்காரர் நாற்பது வயசில் ஆரம்பித்து முப்பது வருஷம் அந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டியவர். அவர் வீட்டில் வேண்டாத ஒரு பூட்டும் திறக்கக் கூடாது.

இரண்டு முகத்துக் கைனேஸ்

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்தில் ஆண்ட்ரூ வில்க்ஸ் என்பவர் 1989இல் சில புதிய கைனேஸ்களைக் கண்டுபிடித்தார். அந்த நாளில் தினம் ஒரு கைனேஸ் கண்டுபிடிக்கப்பட்டு வந்ததால் சலிப்பில் 'இன்னுமொரு கைனேஸ்' என்ற பொருளில் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஜேக் என்று பேர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் இந்தப் புரதத்துக்கு ஒரு விசேஷம். கைனேஸ் போன்ற பகுதி இதில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. ரோமானியர்களுக்கு வாசலைக் காக்கும் தெய்வம் ஒன்று உண்டு, ஜேனஸ். முன்னும் பின்னுமாக இரண்டு முகம், ஜனவரி மாதத்துக்குப் பேர் கொடுத்தவர். அவர் பேரைச் சூட்டி ஜேனஸ் கைனேஸ் என்றார்கள். சுருக்கம் அதே ஜேக். இரண்டு முகத்தில் ஒன்றுதான் உண்மையில் பாஸ்பேட் ஒட்டும். மற்றது பொய் முகம், ஒட்டாது. ஆனால் உண்மை முகத்தைக் கட்டுப்படுத்துவது அந்தப் பொய் முகம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஜேக் குடும்பத்தில் நாலு பேர். ஜேக் 1, ஜேக் 2, ஜேக் 3, டைக் 2. செல்லின் வாசலில் உள்பக்கமாக ஜோடி ஜோடியாக நிற்கிற காவல்காரர்கள் இவர்கள். வெளியே சைட்டோகைன் என்ற சேதிப் புரதம் வந்து கதவைத் தட்டினால், ஜோடி ஒருவர் மேல் ஒருவர் பாஸ்பேட்டை ஒட்டி விழித்துக்கொள்ளும். பிறகு ஸ்டாட் என்ற தபால்காரர் மேல் ஒட்டும். ஸ்டாட் செல்லின் உட்கருவுக்கு ஓடிப்போய் இந்த இந்த மரபணுவை இயக்கு என்று சொல்லும். அழற்சி பற்றிக்கொள்ளும். ஐம்பதுக்கு மேற்பட்ட சேதிகளுக்கு இந்த நாலு பேர்தான் மாறி மாறி ஜோடி சேர்கிறார்கள். ரத்தச் சிவப்பணு ஊற வேண்டும் என்று வருகிற சேதிக்கு ஜேக் 2 தன்னோடு தானே ஜோடி. அதனால் ஜேக் 2வை அதிகம் அடைத்தால் ரத்தசோகை வரும். வெள்ளணுக்கள் வளர வருகிற சேதிகளில் ஒரு கூட்டத்துக்கு ஜேக் 1உம் ஜேக் 3உம் ஜோடி. வைரஸை எதிர்க்கிற சேதிக்கு ஜேக் 1உம் டைக் 2உம். டி.என்.எஃப். மட்டும் இந்த வாசலுக்கே வருவதில்லை, அதற்கு வேறு வழி.

நாலு பேரில் யாரை அடைப்பது? விடை சில நோயாளிக் குழந்தைகளிடமிருந்து வந்தது. அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சிக் கழகத்தில் ஜான் ஓஷே என்பவர் ஜேக் 3ஐப் பிரித்தெடுத்தார். 1995இல் இரண்டு குழுவினர் ஒரு செய்தி வெளியிட்டார்கள். பிறவியிலேயே ஜேக் 3 பழுதான குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி அடியோடு இருக்காது. ஆனால் மூளை, இருதயம், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருக்கும். ஏனென்றால் ஜேக் 3 இருப்பது பெரும்பாலும் ரத்த அணுக்களில் மட்டும். அப்படியானால் ஜேக் 3ஐக் கொஞ்சமாக அடைத்தால் எதிர்ப்புச் சக்தி மட்டும் தணியும், உடம்பின் மற்ற வேலை எதுவும் கெடாது. எவ்வளவு அழகான கணக்கு, பாருங்கள்!

ஃபைசர் கம்பெனி கையிருப்பில் இருந்த லட்சக்கணக்கான ரசாயனங்களைச் சலித்து, ஒன்றைப் பிடித்துத் திருத்தித் திருத்தி 2003இல் உலகுக்குக் காட்டியது. குரங்குகளுக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்து இந்த மருந்தைக் கொடுத்தார்கள். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமல் ஏற்றது. அந்த மருந்துதான் டோஃபாசிடினிப். 2012 நவம்பரில் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது. ஐரோப்பாக்காரர்கள் 2013இல் வேண்டாம் என்று தள்ளி, 2017இல்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் கணக்கு முழுசாகப் பலிக்கவில்லை. ஜேக் 3க்கென்று செய்த சாவி ஜேக் 1ஐயும் திறந்தது, ஜேக் 2வையும் ஓரளவு தொட்டது. இன்றைக்கு விஞ்ஞானிகள் பார்க்கும்போது முடக்குவாதத்தில் பலன் பெரும்பாலும் ஜேக் 1ஐ அடைப்பதால்தான் என்கிறார்கள். பிறகு வந்தவை பாரிசிடினிப், உபாடாசிடினிப் முதலியன. பாரிசிடினிப் ஜேக் 1, ஜேக் 2 இரண்டையும் அடைப்பது. நம் நாட்டில் 2021 மே மாதம் கோவிட் உச்சத்தில் அவசர அனுமதி பெற்றது அதுவே. 2022இல் அமெரிக்காவில் கடுமையான புழுவெட்டுக்கும் அனுமதி பெற்றது. உபாடாசிடினிப் 2019இல் ஜேக் 1ஐக் குறிவைத்து வந்தது. அதே குடும்பத்து ரக்சோலிடினிப்பைக் களிம்பாக்கி 2022இல் வெண்புள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். களிம்பு ஒரு நல்ல யோசனை. சாவி பொதுச் சாவியாக இருந்தாலும் தோலை விட்டு அதிகம் உள்ளே போகாது. மருந்துச் சீட்டில் பேரின் கடைசியில் 'சிடினிப்' என்று இருந்தால் ஜேக் குடும்பத்து மருந்து என்று அடையாளம் தெரிந்துகொள்ளலாம்.

தோற்ற சாவிகளும் ஜெயித்த சாவிகளும்

எல்லாக் கைனேஸும் வழிக்கு வரவில்லை. பி 38 என்ற கைனேஸ்தான் அழற்சிக்கே மூலம் என்று நம்பிப் பல கம்பெனிகள் வருஷக்கணக்காகப் பணம் கொட்டின. மருந்து கொடுத்த முதல் சில வாரம் ரத்தத்தில் அழற்சி அளவு இறங்கும். பிறகு மாத்திரையைச் சாப்பிடச் சாப்பிடவே பழையபடி ஏறும். உடம்பு மாற்றுப் பாதை கண்டுபிடித்துவிடும். ஈரலும் பாதிக்கப்பட்டது. முடக்குவாதத்தில் அந்த முயற்சி அதோடு நின்றது. சிக் என்ற வேறொரு கைனேஸுக்குச் செய்த ஃபோஸ்டாமாடினிப் முடக்குவாதத்தில் சரிப்படாமல் போய், 2018இல் தட்டணுக் குறைவு நோய்க்குப் பிழைத்துக்கொண்டது. சரக்கு ஒரு ஊரில் போகாவிட்டால் இன்னொரு ஊரில் போகும் என்று நாங்கள் சொல்வதுதான்.

தனித்த பூட்டுக்குச் சாவி செய்வதில் இரண்டு சாமர்த்தியங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது ரிட்லெசிடினிப். ஜேக் குடும்பத்தில் மற்ற மூவருக்கும் இல்லாமல் ஜேக் 3இன் பள்ளத்து ஓரத்தில் மட்டும் சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. அதில் கொக்கி மாட்டி நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிற மாதிரி மருந்தைச் செய்தார்கள். 2023இல் புழுவெட்டுக்கு வந்தது, 12 வயசு முதல் கொடுக்கலாம்.

இரண்டாவதைப் படித்தபோது கடையில் உட்கார்ந்தபடியே 'அடடா' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எல்லாரும் சாவித் துளையையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குழு பூட்டின் பின்பக்கம் போனது. டைக் 2வின் பொய் முகம் இருக்கிறதே, அது மற்ற கைனேஸ்களின் பள்ளத்திலிருந்து நன்றாக வேறுபட்டது. அங்கே ஒரு மருந்து போய் உட்கார்ந்தால் பொய் முகம் உண்மை முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஏ.டி.பி.யோடு சண்டையே இல்லை. அதுதான் டியூக்ராவாசிடினிப், 2022 செப்டம்பரில் சொரியாசிஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதில் இன்னும் ஒரு நுணுக்கம். மருந்து ஈரலில் உடையும்போது அதிலிருந்து ஒரு துண்டு கழன்றால், மிச்சமாகிற பொருள் மறுபடி மற்றப் பூட்டுகளையும் திறக்கும். அதைத் தடுக்க அந்த இடத்தில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்தை வைத்தார்கள். அந்த இணைப்பு சுலபத்தில் உடையாது. பேரின் முதலில் 'டியூ' வந்தது அதனால். பெரிய பரிசோதனை ஒன்றில் 16 வாரத்தில் நோய் முக்கால் பங்கு குறைந்தவர்கள் நூற்றுக்கு 58 பேர். மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 13 பேர்.

இதற்கும் இயற்கை முன்னாலேயே ஒரு பரிசோதனை செய்து வைத்திருந்தது. டைக் 2 மரபணுவில் ஓரிடத்தில் சிறு மாற்றத்தோடு பிறக்கிறவர்களுக்குச் சொரியாசிஸ், முடக்குவாதம் முதலிய பல நோய்கள் குறைவாக வருகின்றன என்று 2016இல் காட்டினார்கள். சந்தோஷப்படுவதற்குள் 2018இல் இன்னொரு செய்தி. அந்த மாற்றம் தாய் வழியும் தந்தை வழியும் இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் அபாயம் அதிகம். இந்தியாவில் இருக்கிற நாம் இதைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது.

எங்கள் வீட்டுக் கணக்கு

டோஃபாசிடினிப்பைச் செய்த கம்பெனிக்கு அமெரிக்க அரசு ஒரு கட்டளை போட்டிருந்தது. அனுமதி கொடுத்தோம், இனி நீண்ட நாள் பரிசோதனை நடத்திக் காட்டு என்று. அதன்படி 50 வயசுக்கு மேற்பட்ட, இருதய நோய்க்கான காரணம் ஒன்றாவது உள்ள 4,362 முடக்குவாத நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பகுதிக்கு டோஃபாசிடினிப்பும் மறு பகுதிக்கு டி.என்.எஃப். ஊசியும் கொடுத்துச் சுமார் 4 வருஷம் பார்த்தார்கள். 2022 ஜனவரியில் முழு முடிவும் அச்சில் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் சேர்த்து மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 3.4, ஊசிக்காரர்களில் 2.5. புற்றுநோய் 4.2, அங்கே 2.9. இதைப் பார்த்து 2021 செப்டம்பரிலேயே அமெரிக்காவில் டோஃபாசிடினிப், பாரிசிடினிப், உபாடாசிடினிப் மூன்றின் மேலும் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை ஏறிவிட்டது. 65 வயது கடந்தவர்களும் புகைபிடித்தவர்களும்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள் என்று பிறகு பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது.

2023இல் டாக்டர் இந்த மாத்திரையைச் சொன்னபோது என் மனைவிக்கு 61 வயசு, ரத்தக் கொதிப்பு உண்டு. அந்த 4,362 பேரில் அச்சு அசலாக அவளும் ஒருத்தி. நான் பேப்பரில் கணக்குப் போட்டு அவள் முன்னால் வைத்தேன். ஆயிரம் பேரில், நாலு வருஷத்தில், இருதயக் கேடு 25 பேருக்குப் பதில் 34 பேருக்கு. புற்றுநோய் 29க்குப் பதில் 42. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "ஆயிரத்துல ஒன்பது பேரு, பதிமூணு பேரு, சரி. காலையில ரெண்டு மணி நேரம் கை வராம கிடக்கிறது ஆயிரத்துல ஒருத்திக்கு இல்லீங்க. எனக்குத் தினமும்." ஊசி ஏற்கெனவே கேட்காமல் போனதால் டாக்டரும் இது நியாயமான முடிவுதான் என்றார். வேறு வழி இருக்கும்போது அவர் இதை எழுதியிருக்க மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உடனே ஆரம்பிக்கவில்லை. முதலில் காசநோய் ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உடம்பில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் தூங்குகிறது. காவல் தளர்ந்தால் எழுந்து உட்காரும். எக்ஸ்ரே சுத்தம், ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். இருமலே இல்லாதவளுக்கு எதற்கு மருந்து என்று எனக்கே கோபம் வந்தது. ஐசோனியாசிட் ஒரு மாதம் சாப்பிட்ட பிறகுதான் டோஃபாசிடினிப் கொடுத்தார்கள், ஐசோனியாசிட்டை ஆறு மாதம் முடித்தாள். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் பரிசோதனை. அக்கி வரும் வாய்ப்பு இந்த மாத்திரையில் கூடுதல். ஊரில் அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்வோம், இப்போது அதற்குத் தடுப்பூசியே 2023இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்த அணுக்கள், ஈரல், கொழுப்பு எல்லாம் பார்க்கிறோம். படர்தாமரைக்குக் கொடுக்கிற சில பூஞ்சை மாத்திரைகள் இதோடு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் சீட்டை எடுத்துப் போகிறாள். காலை ஒன்று, மாலை ஒன்று. எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம் என்று டாக்டர் சொன்னது பெரிய நிம்மதி.

இப்போது நம் நாட்டுக் கம்பெனிகள் பலவும் இதைச் செய்கின்றன, விலை இறங்கிவிட்டது. அது நல்ல செய்தி. ஆனால் ஒரு மருந்துக் கடையில் நான் சும்மா பேரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். சீட்டு கேட்கவில்லை. "ஸ்டீராய்டு இல்ல சேட்ஜி, சேஃப்" என்று இரண்டு அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார்கள்.

மாத்திரை பேர் கேட்ட மூவருக்கு வருகிறேன். முதல் அன்பருக்கு முழங்கால் எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று வந்தது. தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லியிருக்கிறார்கள், எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது, மகனின் தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு முடி கொட்டியதைக் கண்டு பயந்துபோன தாயார். அந்த அளவு புழுவெட்டு பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடும் என்று தோல் டாக்டர் களிம்பு மட்டும் கொடுத்து அனுப்பினார். மூன்றாமவர் நம் மகளிர் அணியில் இருப்பவர், உண்மையிலேயே முடக்குவாதம், மீதோட்ரெக்ஸேட் போதவில்லை. அவருக்கு மட்டும் ஒரு சீட்டில் மாத்திரையின் பேரையும், அதற்குக் கீழே டாக்டரிடம் கேட்க வேண்டிய பரிசோதனைகளையும் எழுதிக் கொடுத்தேன். போன வாரம் ரிப்போர்ட்டோடு கடைக்கே வந்தார். காசநோய்ப் பரிசோதனை பாசிட்டிவ். ஐசோனியாசிட் ஆரம்பித்திருக்கிறார், அடுத்த மாதம் மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும்.